பவளத்தோட தொட்டி பச்சையான கதை

ஒரு காட்டுல ஒரு சிங்கம் இருந்துச்சுன்னு ஆரம்பிச்சா மிச்சத்தை நீங்களே சொல்லி முடிச்சுடுவீங்க. அதனால இந்தக் கதையில சிங்கத்துக்கு லீவு. நரிக்கும் லீவு. இந்தக் காட்டுல இருந்தது ஒரு குரங்கு, ஒரு ஆமை, ஒரு கண்ணாடித் தொட்டி.

குரங்கு பேரு சிங்காரம். பேருக்கேத்த ஆளு. வாலுக்கே வகிடு எடுத்துச் சீவுவான். அதுக்குன்னே ஒரு சிவப்புச் சீப்பு வெச்சிருந்தான். ஓடைத் தண்ணியில தன் முகத்தைப் பார்க்க உட்கார்ந்தான்னா, மீனுங்க "இவன் எப்படா எழுந்திரிப்பான்"னு கரையோரமா வரிசையில நிக்கும்.

ஆமை பேரு பவளம். காதுப் பக்கம் சிவப்பா ஒரு கோடு ஓடும், அதான் அந்தப் பேரு. காட்டோரத்துல ஒரு பங்களா இருந்துச்சு. அங்க குடியிருந்தவங்க மாத்தலாகிப் போனப்ப கட்டிலை எடுத்துக்கிட்டாங்க, மிக்ஸியை எடுத்துக்கிட்டாங்க, சுவத்துல அடிச்ச ஆணியைக்கூடப் பிடுங்கிக்கிட்டாங்க. தொட்டியையும் ஆமையையும் மட்டும் வராந்தாவுல அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க.

சிங்காரம் சீப்பைத் திருடப் போனவன், ஆமையோட திரும்பி வந்தான். ஜன்னல் ஓரம் அவங்க மறந்துட்டுப் போன அந்தச் சிவப்புச் சீப்பும்தான்.

காட்டெருமை ஒச்சப்பன் நல்ல பலசாலி. எதைச் சொன்னாலும் ஏன்னு கேக்காம செய்யிற மனசு. ஒரு பழைய கதவுப் பலகையில தொட்டியை ஏத்தி, கொடியைக் கட்டி, "இழு மாப்ள"ன்னான் சிங்காரம். ஒச்சப்பன் இழுத்தான். காட்டுக்கு நடுவுல ஒரு பெரிய பாறை. காலையில தொட்டு சாயங்காலம் வரைக்கும் வெயில் காயும். அதுக்கு உச்சியில தொட்டியை வெச்சாங்க.

"இங்க ஏன் மாப்ள? சுடுமே"ன்னான் ஒச்சப்பன்.

"கண்ணாடி மின்ன வேண்டாமா? பத்து மரம் தள்ளி இருக்கிறவனுக்கும் தெரியணும். சும்மாவா, காட்டுலயே வளப்பு ஆமை வெச்சிருக்கிற ஒரே ஆளு யாரு?"

ஒச்சப்பன் யோசிச்சான். "நீதான்."

"அதான்."

பவளத்துக்கிட்ட ஒரே ஒரு குறை. அவ பேச்சு அவ நடையை விட மெதுவு. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நீங்க போயி பல்லு விளக்கிட்டு, வாய் கொப்புளிச்சுட்டு வந்துடலாம்.

இப்ப அந்தக் காட்டு வழக்கம் ஒண்ணைச் சொல்லியாகணும். அங்க யாரு யாரைப் பார்க்கப் போனாலும் வெறுங்கையோட போக மாட்டாங்க. கல்யாணம், காரியம் எதுன்னாலும் கையில எதாவது இருக்கணும். சண்டை போடப் போறவங்ககூட ரெண்டு கொய்யாப் பழத்தைக் குடுத்துட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பாங்க. கொண்டு போனதைத் திருப்பி எடுத்துட்டு வர்றதும் கிடையாது. அது பெரிய மரியாதைக் குறைச்சல்.

மொதல் நாள் பவளத்தைப் பார்க்க வந்தது காக்கா கனகசபை. காட்டுல எந்த விஷயத்தைக் கேட்டாலும் தெரியும்பாரு. கேக்கலைன்னாலும் தெரியும்பாரு. மலைப்பாதை டீக்கடையில இருந்து ஒரு முறுக்குத் துண்டைத் தூக்கிட்டு வந்திருந்தாரு.

"என்ன தங்கச்சி, வசதியெல்லாம் எப்படி?"

பவளம் கழுத்தை நீட்டினா. கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தா. "எனக்கு…"

"பசிக்குதா? சொல்ல வேண்டியதுதான, என்ன கூச்சம்? இந்தா." முறுக்கு தண்ணிக்குள்ள தொபுக்.

அடுத்தது ஒச்சப்பன். ஒரு வாய்ப் புல்லைக் கவ்விட்டு வந்தான். பவளம், "எனக்கு…"ன்னா. "இந்தா தாயி"ன்னு புல்லைப் போட்டான். பின்னாடியே அணில் வந்துச்சு, முள்ளம்பன்னி வந்துச்சு, மயில் தோகையை விரிச்சுக்கிட்டு வந்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் பவளம் "எனக்கு…"ன்னு ஆரம்பிப்பா. ஒவ்வொருத்தரும் அதுக்குள்ள ஒண்ணைப் போட்டுட்டு, "பாவம், என்ன பசியோ"ன்னு உச்சுக் கொட்டிட்டுப் போவாங்க.

சிங்காரத்துக்குச் சந்தோஷம் தாங்கல. பாறை மேல நின்னு, "வாங்க வாங்க, தள்ளாதீங்க, எல்லாரும் பார்க்கலாம்"னு கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கிட்டே வாலைச் சீவிக்கிட்டான்.

ஒரு வாரம் போச்சு. தண்ணி இளநீர் மாதிரி லேசா கலங்குச்சு. "அது ஒரு கலரு"ன்னான் சிங்காரம்.

ரெண்டாவது வாரம் தண்ணி வெள்ளரிப்பிஞ்சுத் தோல் நிறத்துக்கு வந்துச்சு. "பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி"ன்னான்.

மூணாவது வாரம் தொட்டி மொத்தமும் கொத்தமல்லிச் சட்னி. கண்ணாடி முழுக்கப் பாசி வழவழன்னு பூசியிருந்துச்சு. பவளம் முதுகுல பாசி நீளமா வளர்ந்து, தண்ணியில அலைபாஞ்சுது. தலையில ஒரு முடி இல்லாதவளுக்கு முதுகுல கூந்தல். பார்க்க வந்தவங்க தொட்டியைச் சுத்திச் சுத்தி வந்து, "ஆமை எங்கப்பா"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அப்பவும் கொண்டு வந்ததைப் போடாம போகல. ஆள் தெரியலைன்னாலும் மரியாதை தெரியணும்ல.

அன்னைக்குத்தான் ஆனை பெரியம்மா அந்த வழியா வந்தாங்க.

பெரியம்மா சொன்னா அந்தக் காட்டுல மறுபேச்சு கிடையாது. கோபக்காரங்கன்னு இல்ல. அவங்க ஒரு முடிவு எடுத்துட்டா அதை நிறுத்தற அளவுக்கு யாருக்கும் உடம்பு கிடையாது. கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு மேல்மலைக்கு மூங்கில் தின்னப் போறாங்க. பாறைகிட்ட வந்ததும் நின்னாங்க. தும்பிக்கையைத் தூக்கினாங்க. உடனே கீழ இறக்கிட்டாங்க.

"என்னடா சிங்காரம் இது நாத்தம்?"

"லேசாத்தான் பெரியம்மா வீசுது."

"உனக்கு லேசு. உன் மூக்கு ஒரு கடுகு. என் மூக்கைப் பாரு, எவ்வளவு நீளம். அவ்வளவு தூரமும் இந்த நாத்தம் உள்ள போயி வரணும்." தொட்டி மேல கண்ணை வெச்சுப் பார்த்தாங்க. "உள்ள யாரு இருக்கா?"

"பவளம்."

"இருக்காளா, இருந்தாளா?"

சிங்காரம் தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்தான்.

"கேட்டுக்கோ. மேல்மலையில இருந்து பத்தாம் நாள் இறங்குவேன். அப்ப இந்தக் கண்ணாடி வழியா அந்தப் புள்ளை மூஞ்சி எனக்குத் தெரியணும். தெரியலைன்னா தொட்டியோட தூக்கிட்டுப் போயி ஆத்துல விட்டுடுவேன்."

"ஆத்துல முதலை இருக்கே பெரியம்மா. இவ கண்ணாடிக்குள்ளயே வளந்தவ. ஓடத் தெரியாது, ஒளியத் தெரியாது."

"இந்தச் சட்னியில ஊறிச் சாகறதுக்கு, நல்ல தண்ணியில நாலு நாள் இருந்துட்டுப் போகட்டும்." பெரியம்மா கிளம்பிட்டாங்க. போறப்ப, வழக்கம் வழக்கம்தானே, ஒரு கத்தை மூங்கில் இலையைத் தொட்டிக்குள்ள போட்டுட்டுத்தான் போனாங்க.

சிங்காரம் தொட்டிகிட்ட வந்து குந்தினான். விரலை உள்ள விட்டுக் கண்ணாடியில வட்டமா ஒரு இடத்தைத் தேய்ச்சான். அந்த வட்டத்துல மெதுவா ஒரு கண்ணு வந்து நின்னுச்சு. பக்கத்துல அந்தச் சிவப்புக் கோடு. கண்ணு அவனையே பார்த்துச்சு. சிங்காரம் அன்னைக்கு வாலைச் சீவலை. சீவலாம்னாலும் சீப்பு ஒரு வாரமா காணோம்.

"ஒரு வழி இருக்கு"ன்னு மேல இருந்து குரல் வந்துச்சு. கனகசபை.

"சொல்லுங்கண்ணே."

"ஓடை மணலை அள்ளி நல்லா அழுத்தித் தேய். பாசி என்ன, பாசியோட பாட்டனும் வந்துடும். இந்த மாதிரி நான் எத்தனை தொட்டி பார்த்திருக்கேன்."

"எத்தனை பார்த்திருக்கீங்க?"

"இது ஒண்ணுதான். ஆனா நல்லாப் பார்த்திருக்கேன்."

சிங்காரம் மணலைப் போட்டு ரெண்டு நாள் தேய்ச்சான். பாசி வந்துச்சு, கூடவே கண்ணாடியோட பளபளப்பும் வந்துடுச்சு. தொட்டி முழுக்கக் கீறல். மூணாம் நாள் காலையில பார்த்தா ஒவ்வொரு கீறலுக்குள்ளயும் புதுப் பாசி போயி உட்கார்ந்திருக்கு. வயலை உழுது குடுத்த மாதிரி.

"இது தண்ணியோட கோளாறு. மொத்தத் தண்ணியையும் மாத்து"ன்னாரு கனகசபை.

கொட்டாங்கச்சியில மொண்டு மொண்டு ஊத்தினான் சிங்காரம். ஓடைக்கும் பாறைக்கும் இருநூறு நடை. கடைசி நடையில ஏறி வர்றப்ப அவன் நாலு காலுல நடக்கல, வயித்துல நடந்து வந்தான். தண்ணி பளிச்சுன்னு இருந்துச்சு. பவளம் மூஞ்சி தெரிஞ்சுது. காடே கைதட்டுச்சு. "தெரியுதுடா, தெரியுது"ன்னு எல்லாரும் ஓடி வந்தாங்க. ஓடி வந்தவங்க வெறுங்கையோட வருவாங்களா? தொபுக், தொபுக், தொபுக்.

"எனக்கு…"ன்னா பவளம்.

"இரும்மா, வரிசையில வர்றாங்கல்ல, உனக்கில்லாததா"ன்னான் சிங்காரம்.

மறுநாள் மத்தியானமே தண்ணி வெள்ளரிப்பிஞ்சு.

நாலாம் நாள் நத்தை பிச்சுமணி வந்து சேர்ந்தான். மொத நாளே கிளம்பினவன்தான். "பாசி தின்ன ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன். நமக்கு அதுதான் தொழிலு. ரெண்டு வேளை சாப்பாடு போதும். அந்தச் சாப்பாடும் பாசிதான். உங்களுக்குச் செலவே இல்ல"ன்னான்.

"உள்ள இறங்குப்பா, நல்லா இருப்ப"ன்னான் சிங்காரம்.

பிச்சுமணி கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினான். ஒரு வாய் தின்னான். "நல்ல விளைச்சல்"னு சப்புக் கொட்டினான். அவனுக்குப் பின்னாடி சின்னச் சின்னதாக் கழிவும் விழுந்துக்கிட்டே வந்துச்சு. ரெண்டாவது வாய் வைக்கிறப்ப பச்சைக்குள்ள இருந்து பவளம் தலை வந்துச்சு. அவனைப் பார்த்தா. வாயைத் திறந்தா.

"எனக்கு…"

பிச்சுமணிக்கு ஆமை நத்தையைத் திங்கும்ங்கற ஞாபகம் அப்பத்தான் வந்துச்சு. மிச்சத்தைக் கேக்க அவன் நிக்கல. அவன் வம்சத்துலயே ஓடின மொத ஆளு அவன்தான். சிங்காரம் கண் முன்னாடியே ஓடினான். சாயங்காலம் வரைக்கும் கண் முன்னாடியேதான் ஓடிக்கிட்டு இருந்தான்.

அஞ்சாம் நாள் விடிஞ்சப்ப தொட்டி பழையபடி சட்னி. பெரியம்மா குடுத்த பத்து நாள்ல பாதி ஓடிப் போச்சுன்னு காடு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. ஆறுதல் சொல்லப் பாறையில இருந்து ஓடை வரைக்கும் கூட்டம். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போறவங்க ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிட்டுப் போற மாதிரி ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பொட்டலம். "இப்படி ஆகிப்போச்சே சிங்காரம்"னு ஒரு கை அவன் தோளைத் தட்டும், இன்னொரு கை தொட்டிக்குள்ள போடும்.

எல்லாரும் பார்க்கணும்னு பாறை உச்சியில வெச்சவன் சிங்காரம். இன்னைக்கு அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். யாருமே பார்க்கக் கூடாது. பச்சைத் தொட்டியையும் பார்க்கக் கூடாது, அதுக்குப் பக்கத்துல குந்தியிருக்கிற அவனையும் பார்க்கக் கூடாது.

ஊருக்குள்ள வாழைத்தார் திருடப் போனப்ப பார்த்த ஒரு வீடு அவன் நினைவுக்கு வந்துச்சு. வாசல்ல வேப்பிலை கொத்தாத் தொங்கும். அந்த வீட்டுல அம்மை போட்டிருக்குன்னு அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க. வடாம் காய வெச்சிருந்தாங்க, அதைத் திருட அவனே போகல. அவ்வளவு மரியாதை.

அரைமணி நேரத்துல தொட்டியைச் சுத்தி வேப்பிலைத் தோரணம் கட்டிட்டான்.

கூட்டம் பத்தடி பின்னாடி போச்சு. "என்னடா இது?"

சிங்காரம் முகத்தைத் தொங்கப் போட்டான். "பவளத்துக்கு அம்மை போட்டிருக்கு."

கூட்டம் இன்னும் இருபதடி போச்சு. கனகசபை மட்டும் கிளையில இருந்து, "அம்மை போட்டவங்களை வெயில்ல வைக்கக் கூடாதே. எனக்குத் தெரியும்"னாரு. அன்னைக்குத்தான் வாழ்க்கையில மொத தடவையா அவருக்கு நெசமாவே ஒண்ணு தெரிஞ்சிருந்துச்சு.

பொய் சொன்னா பொருத்தமா சொல்லணும்ல. சிங்காரம் ஒச்சப்பனைக் கூப்பிட்டான். ஒச்சப்பன் மூச்சை அடக்கிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, தொட்டியைப் பாறைக்குக் கிழக்குப் பக்கம் இழுத்து விட்டான். விட்ட வேகத்துல ஓடைக்குப் போயி மூணு தடவை குளிச்சான். அந்தக் கிழக்குச் சரிவுல காலையில ஒரு கீத்து வெயில் வரும். அப்புறம் பாறையோட நிழல்தான், நாள் முழுக்க.

யாரும் வரல.

சிங்காரத்துக்கு ரொம்ப நாளைக்கப்புறம் வேலை இல்லாம போச்சு. வரிசையை ஒழுங்கு பண்ண வரிசை இல்ல. பெருமை அடிக்கக் காது இல்ல. சீவச் சீப்பு இல்ல. அவனும் தொட்டியும் மட்டும்தான். ரெண்டு தரம் கொட்டாவி விட்டான். ஒரு எறும்பை எண்ணினான். ஒண்ணுதான் இருந்துச்சு.

அப்ப பச்சைக்குள்ள இருந்து குரல் வந்துச்சு.

"எனக்கு…"

சிங்காரம் பழக்க தோஷத்துல பக்கத்துல கையை விட்டான். போடறதுக்கு ஒண்ணுமில்ல. யாரும் வந்தாத்தானே எதாவது இருக்கும். வெறுங்கையை என்ன பண்றதுன்னு தெரியாம மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்தான்.

ஒரு இலை மரத்துல இருந்து விழுந்து தரைக்கு வந்து சேர்ந்துச்சு.

"…வயிறு…"

சிங்காரம் காதைக் குடைஞ்சான். "எனக்கு"க்கு அப்புறம் இன்னொரு வார்த்தை இருக்குன்னு இத்தனை நாளா அவனுக்குத் தெரியாது. கண்ணாடியில காதை வெச்சான்.

"…ஒண்ணுதான்."

பவளம் மூச்சு வாங்கிக்கிட்டா. சிங்காரம் அசையல. மிச்சத்தை அவ சொல்லி முடிக்க உச்சி வெயில் ஆயிடுச்சு. தினமும் அவ தலை எவ்வளவோ அவ்வளவு தீனி இருந்தா போதுமாம். மீதியெல்லாம் அடியில போயி அழுகுதாம். அந்த அழுகலும் நாள் முழுக்க அடிக்கிற வெயிலும்தான் பாசிக்கு எருவும் தண்ணியுமாம். காலையில கொஞ்சம் வெயில் காஞ்சா அவ ஓட்டுக்கு நல்லதாம், அதுக்கு மேல காஞ்சா பாசிக்குத்தான் நல்லதாம். ஏறி உட்கார ஒரு கல்லு போட்டா உபகாரமாம்.

"இதை மொத நாளே சொல்லியிருக்கலாம்ல தாயி?"

பவளம் அவனைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா.

"சொல்லிக்கிட்டுத்தான்… இருந்தேன்."

சிங்காரம் எழுந்திரிச்சான். தொட்டி அடியில கையை விட்டுத் துழாவினான். ஊறிப் போன முறுக்கு வந்துச்சு. பெரியம்மாவோட மூங்கில் இலை வந்துச்சு. பாதி தின்ன கொய்யா, மீன் தலை, ஒச்சப்பனோட புல்லு, பேரே தெரியாத ஒரு கிழங்கு, எல்லாம் கொழகொழன்னு வந்துச்சு. கடைசியா கைக்குக் கூர்மையா ஏதோ தட்டுப்பட்டுச்சு. வெளிய எடுத்தா, அவன் சிவப்புச் சீப்பு. அதுவும் பச்சையாத்தான் இருந்துச்சு. கூட்டத்தை ஒழுங்கு பண்ற ஜோருல அவனே எப்பவோ உள்ள தவற விட்டிருக்கான்.

மணலைத் தொடல. தேங்காய் நாரை நனைச்சுக் கண்ணாடியைப் பதமா துடைச்சான். பவளம் முதுகையும் துடைச்சுக் கூந்தலை எடுத்தான். தினமும் பாதித் தண்ணியை மொண்டு ஊத்திட்டுப் பாதி புதுசு ஊத்தினான். காலையில தலை அளவுக்குத் தீனி. அவ தின்னு முடிச்சதும் மிச்சம் கிடந்தா உடனே வெளிய. ஓடையில இருந்து தட்டையா ஒரு கல்லை உருட்டிட்டு வந்து போட்டான். பவளம் அதுல ஏறி, அந்த ஒரு கீத்து வெயிலுக்குப் பின்னங்காலை நீட்டிக்கிட்டுப் படுத்தா.

ஏழாம் நாள் தண்ணி வெள்ளரிப்பிஞ்சு. எட்டாம் நாள் இளநீர்.

எட்டாம் நாள்தான் சிங்காரத்துக்குக் கஷ்டமான நாள். உள்ள இருக்கிற பவளம் முகம் தெரியற அளவுக்குத் தண்ணி தெளிஞ்சிருக்கு, பார்க்க ஒரு ஆளு இல்ல. கை தானா போயி வேப்பிலைக் கயித்தைப் பிடிச்சுது. ஒரே ஒரு இழு. "வாங்க, வந்து பாருங்க"ன்னு ஒரே ஒரு குரல். போதும், காடே வந்துடும்.

பொட்டலத்தோட வரும்.

சிங்காரம் கயித்தை விட்டுட்டு ரெண்டு கையையும் தனக்கு அடியில வெச்சு அதும்மேல உட்கார்ந்துக்கிட்டான். அன்னைக்கு முழுக்க அப்படியேதான் இருந்தான். கை மரத்துப் போச்சு.

பத்தாம் நாள் தரை அதிர்ந்துச்சு. பெரியம்மா வந்துட்டாங்க.

காடு மொத்தமும் முப்பதடி தள்ளி நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஓடிக்கிட்டே இருந்த பிச்சுமணியும் கூட்டத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான், இன்னும் தூரமா போய்ச் சேரல.

"தொட்டி எங்கடா? வேப்பிலை எதுக்கு?"

"அம்மை பெரியம்மா."

"யாருக்கு?"

"பவளத்துக்கு."

"ஓட்டு மேல எங்கடா அம்மை போடும்?"

சிங்காரம் தலையைச் சொறிஞ்சான். "பொய்தான். யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு கட்டினேன்."

கூட்டத்துல ஒரு முனகல் கிளம்புச்சு. மூணு தடவை குளிச்ச ஒச்சப்பன், "டேய் மாப்ள"ன்னு பல்லைக் கடிச்சான். பெரியம்மா தும்பிக்கையால தோரணத்தை விலக்கினாங்க. மோந்தாங்க. இன்னொரு தரம், மூக்கோட முழு நீளத்துக்கும் இழுத்து மோந்தாங்க. குனிஞ்சு கண்ணாடியில கண்ணை வெச்சாங்க.

கல்லு மேல பவளம். சிவப்புக் கோடு தெரிஞ்சுது. கண்ணு தெரிஞ்சுது. அடியில கிடந்த கூழாங்கல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரிஞ்சுது.

"அழகா இருக்காளே"ன்னாங்க பெரியம்மா.

சிங்காரம் மனசுக்குள்ள குதிச்சான். பவளம் இங்கேயே இருப்பா. ஆறு வேண்டாம், முதலை வேண்டாம். அவன் மூச்சு விடறதுக்குள்ள பெரியம்மா பின்னாடி திரும்பி, முதுகுல இருந்து ஒரு முழுப் பலாப்பழத்தை இறக்கினாங்க. "வெறுங்கையோட வருவேனா? மேல்மலைப் பழம். தேன் மாதிரி இருக்கும்." பழம் தொட்டிக்கு மேல போச்சு.

"பெரியம்மா, வேண்டாம்."

காடு அப்படியே நின்னு போச்சு. ஒரு கிளிகூடச் சிறகை அசைக்கல. பெரியம்மா குடுத்ததை வேண்டாம்னு சொன்ன ஆளு அந்தக் காட்டுல அதுவரைக்கும் பொறக்கல.

"என்ன சொன்ன?"

சிங்காரத்துக்கு வால் நுனி வரைக்கும் வேர்த்துச்சு. "நான் சொல்லல. அவ சொல்லுவா. நீங்க கொஞ்சம் நில்லுங்க. எல்லாரும் நில்லுங்க. அவ பேசி முடிக்கட்டும்."

பவளம் கழுத்தை நீட்டினா. கண்ணை மூடித் திறந்தா. "எனக்கு…"

கனகசபை டக்குனு ஒரு முறுக்கோட பறந்து வந்தாரு. சிங்காரம் எம்பி அவரு அலகை ரெண்டு கையாலயும் மூடிப் பிடிச்சுக்கிட்டான். காடே காத்துக்கிட்டு நின்னுச்சு. ஒச்சப்பன் கால் வலிச்சு உட்கார்ந்தான். பலாப்பழம் அந்தரத்துல தொங்குச்சு.

"…வயிறு…"

ஒரு குட்டியானை தூங்கிப் போச்சு.

"…ஒண்ணுதான்."

பெரியம்மா பவளத்தைப் பார்த்தாங்க. பழத்தைப் பார்த்தாங்க. பவளத்தை விடப் பழம் ரெண்டு மடங்கு பெருசு. எல்லாரும் அவங்க அவங்க போட்டதை நினைச்சுப் பார்த்தாங்க. அலகு மூடியிருந்ததால கனகசபைகூட ஒண்ணும் சொல்லல.

"எனக்கும் ஒண்ணுதான்"னாங்க பெரியம்மா. "ஆனா என்னைக் கேக்காம யாரும் போடறதில்ல." தும்பிக்கை இறங்குச்சு. "சரி, இவ இங்கயே இருக்கட்டும். ஆனா கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல. இப்ப இந்தப் பழத்தை என்னடா பண்றது?"

சிங்காரம் யோசிக்கவே இல்ல. வாய் முந்திக்கிச்சு.

"எங்கிட்ட குடுங்க."

அன்னையில இருந்து அந்தக் காட்டுல வழக்கமும் மாறல, தண்ணியும் மாறல. பவளத்தைப் பார்க்க வர்றவங்க பொட்டலத்தைச் சிங்காரம் கையில குடுத்துடணும். தொட்டிக்குள்ள தலை அளவு, மிச்சம் அவன் வயித்துக்குள்ள. வாங்கினதைத் தூக்கிப் போட்டா மரியாதை இல்ல, வந்தவங்க பார்த்துக்கிட்டு வேற இருப்பாங்க. பலாப்பழம் தின்னான். முறுக்கு தின்னான். ஒச்சப்பன் மனசு நோகக் கூடாதுன்னு புல்லும் தின்னான்.

மூணு மாசம் கழிச்சுப் பெரியம்மா வந்தப்ப தொட்டி ஓடை மாதிரி தெளிஞ்சு இருந்துச்சு. பவளம் கல்லு மேல பின்னங்காலை நீட்டிப் படுத்திருந்தா. பக்கத்துல உருண்டையா ஒண்ணு உட்கார்ந்திருந்துச்சு. வாலைச் சீவறதுக்குத் திரும்பப் பார்க்கும், வயிறு திரும்ப விடாது.

"சிங்காரமாடா இது? என்னடா இப்படி ஊதிக் கிடக்கற? உடம்புக்கு என்ன?"

சிங்காரம் மூச்சு வாங்கினான். மெதுவா வாயைத் திறந்தான்.

"எனக்கு…"

"பசிக்குதா? சொல்ல வேண்டியதுதான"ன்னு பெரியம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவன் வாயில வெச்சாங்க.

நீதி: ஒருத்தருக்கு உதவணும்னா, மொதல்ல அவங்க பேசி முடிக்கட்டும்.